ஓரகத்தி வீட்டுச் சாப்பாடு

நாசரேத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பிரியாணி வாளியோடு பந்தியில் வந்துகொண்டிருந்த பெண் பெர்சியின் இலைக்கு முன்னால் நின்றாள். பெர்சியையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சண்முகசுந்தரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "உங்க கடைசித் தங்கச்சியாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. என் கொழுந்தன் பெஞ்சாதி," என்றாள் பெர்சி.

"அப்படியா! சின்னப் புள்ள மாதிரி இருக்காக."

சுந்தரி சிரித்தாள். பெர்சியும் சிரித்தாள். சிரித்துவிட்டு இரண்டாவது தடவையும் பிரியாணி வாங்கிக்கொண்டாள். சுந்தரியின் இலையில் ஒரு கரண்டி பிரியாணிதான் இருந்தது. தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயுமாக மீதி இலையை அவள் நிரப்பியிருந்தாள். இவ்வளவு நல்ல மட்டன் பிரியாணியை முன்னால் வைத்துக்கொண்டு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறவளைப் பார்க்கப் பெர்சிக்கு எரிச்சலாக வந்தது.

பெர்சிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. முறையில் அவள் மூத்த மருமகள். ஆனால் வயதில் சுந்தரிதான் அவளைவிட ஒன்பது மாதம் மூத்தவள். அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதும், தெரியாதவர்கள் இப்படிக் கேட்பதும், இரண்டுமே பெர்சிக்குப் பொறுக்கவில்லை.

சாத்தான்குளத்தில் தலைமையாசிரியர் மகளாகப் பிறந்தவள் பெர்சி. துறைமுகத்தில் வேலை பார்த்த ஜெபசீலனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடி மில்லர்புரத்துக்கு வந்தாள். பீச் ரோட்டில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கண்டெய்னர்களுக்கான காகிதங்களைத் தயார் செய்வது அவள் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். பதினோரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், நாலு மணிக்கு டீயும் வடையும் மேசைக்கே வந்துவிடும். ஒரே மகள் படித்து முடித்து பெங்களூரில் இருந்தாள்.

சமையலில் பெர்சியை மிஞ்ச அந்தக் குடும்பத்தில் ஆள் கிடையாது. அவள் வைக்கும் மட்டன் குழம்புக்கும், கிறிஸ்துமஸுக்கு அவள் சுடும் கேக்குக்கும் சபையில் தனிப் பேர் இருந்தது. விளமீனை முழுசாக மசாலா தடவிப் பொரித்து வைத்தாளென்றால் வந்தவர்கள் எழுந்து போக மனசில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஜெபசீலனின் தம்பி பிரைட்டன், ஓட்டப்பிடாரத்துக்காரி சண்முகசுந்தரியை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டு வந்தபோது, அந்த வேறு சாமி கும்பிடுகிற பெண்ணை முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டவளும் பெர்சிதான். அன்று அவளால் அப்படித் தாராளமாக இருக்க முடிந்தது. சுந்தரி ஒல்லியாக, கறுப்பாக, ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பெர்சிக்கு அவள்மேல் பொறாமைப்பட ஒன்றுமே இருக்கவில்லை.

சுந்தரி போல்பேட்டையில் குடித்தனம் வைத்தாள். ஒரு உப்பு கம்பெனியில் கணக்கு எழுதப் போனாள். அவள் வீட்டில் கம்பஞ்சோறும் குதிரைவாலியும் கொள்ளை அரைத்த காணத் துவையலும்தான் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "மாட்டுத்தீனி" என்று முதலில் சொன்னது பெர்சிதான். அந்தப் பேர் நிலைத்துவிட்டது. பிரைட்டன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டு போனான்.

அப்புறம் வருஷங்கள் போயின. நாற்பத்துநாலாவது வயதில் பெர்சிக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் பிரஷர். ஜெபசீலனுக்கு அதற்கு முன்பே இரண்டும் இருந்தன. முழங்கால் வலித்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. சுந்தரியோ அதே சேலையை அதே மடிப்போடு கட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை ஒரு காலால் உதைத்து நிறுத்திவிட்டு, மாடிப்படியில் பேசிக்கொண்டே ஏறி வந்தாள்.

பெர்சி ஒரு நாள் கேட்டாள்: "சுகர் டெஸ்ட் எடுத்துப் பாத்தியாளா?"

"எடுத்தேன்க்கா. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

"கொடுத்து வச்ச உடம்பு."

சுந்தரி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொடுத்து வைத்த உடம்பு. இந்தச் சொல்லைப் பெர்சி மனசுக்குள் பலதடவை சொல்லிக்கொண்டாள். அதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஒருத்திக்கு நிறம், ஒருத்திக்கு முடி என்பதுபோல் அவளுக்கு உடம்பு கிடைத்துவிட்டது, இதில் இருவர் கையிலும் ஒன்றுமில்லை. ஆனால் ஆறுதல் இரண்டு நாள் தாங்காது. தன் அப்பா எண்பத்தெட்டு வயது வரை சர்க்கரை என்றால் என்னவென்று தெரியாமல் சைக்கிள் மிதித்தவர். அம்மாவுக்கும் கிடையாது. அப்படியிருக்கத் தனக்கு ஏன் வந்தது, அவளுக்கு ஏன் வரவில்லை?

நாசரேத் கல்யாணத்துக்குப் பிறகு பெர்சி சுந்தரியைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவளிடம் கேட்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். போகிற வருகிற சமயங்களில் கண்ணால் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் போனபோது சுந்தரி கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளே பெர்சி கம்பு வாங்கினாள். காலையில் ஒரு செம்பு கூழ் குடித்துவிட்டு, அப்புறம் வழக்கம்போல நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டாள். இன்னொரு நாள் சுந்தரி வீட்டுக் காப்பியில் கருப்பட்டி போட்டிருந்தது. பெர்சி சீனி டப்பாவை ஒதுக்கிவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறினாள். சீனிதான் இல்லையே என்ற தைரியத்தில் ஒரு நாளைக்கு நாலு தம்ளர் குடித்தாள். காணத்தை ஊறவைத்த தண்ணீர், முருங்கைக்கீரைச் சாறு என்று வேறு எதெல்லாம் கண்ணில் பட்டதோ அதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தாள். யாருக்கும் தெரியாமல் ஒரு பொருளைத் திருடிக்கொண்டு வந்த மாதிரி அவளுக்கு ஒரு குறுகுறுப்பு இருந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போனார்கள். பெர்சியும் ஜெபசீலனும் எப்போதும் சேர்ந்துதான் போவார்கள். பெர்சியின் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி எட்டிலிருந்து எட்டரைக்கு ஏறியிருந்தது.

"என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

பெர்சி கூழைச் சொன்னாள், காணத்தைச் சொன்னாள், கருப்பட்டியைச் சொன்னாள்.

"கருப்பட்டியும் சர்க்கரைதாம்மா. கூழ் குடிக்கிறீங்க, சரி. அதுக்குப் பதிலா எதை விட்டீங்க?"

பெர்சி யோசித்தாள். "எதையும் விடல டாக்டர்."

"அப்ப பழைய சாப்பாட்டுக்கு மேல இதையும் சேர்த்துச் சாப்பிடுறீங்க. ஒரு சாமான்ல மருந்து கிடையாதும்மா. ஒரு நாள் பூரா தட்டுல என்ன விழுது, எவ்வளவு விழுது, அதுதான் கணக்கு." சொல்லிவிட்டு ஜெபசீலனின் ரிப்போர்ட்டை எடுத்தார். அவர் முகம் மலர்ந்தது. "சார், நீங்க என்ன செய்றீங்க? ஒன்பதுல இருந்தீங்க, ஏழரைக்கு வந்திருக்கீங்களே! எடையும் குறைஞ்சிருக்கு."

ஜெபசீலன் தரையைப் பார்த்தார். "சாயங்காலம் நடக்கேன் டாக்டர்."

"பாருங்கம்மா. ஒரே வீடு, ஒரே சமையல். சாரால முடியுது."

ஆட்டோவில் வரும்போது பெர்சி தன் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் திணித்தாள். கணவனுக்கு உடம்பு தேறியதில் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷம் வரவில்லை. ஒரே வீடு, ஒரே சமையல் என்ற சொல்தான் திரும்பத் திரும்பக் குடைந்தது. கொஞ்ச நாளாகவே இரவில் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொரித்த மீனை ஒதுக்கிவிட்டு, "வயிறு மந்தமா இருக்குளா," என்று எழுந்து போய்விடுவார்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து சீக்கிரமாகக் கிளம்பினாள். வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் பிரைட்டனுக்கும் சொல்லிவிட்டு வரலாம் என்று போல்பேட்டைக்குப் போனாள். வாசலில் ஜெபசீலனின் செருப்பு கிடந்தது. இடது குதிகால் தேய்ந்த அந்தச் செருப்பு யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே அவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு கைப்பிடி குதிரைவாலிச் சோறு. சாளை மீன் குழம்பு. சோற்றைவிட அதிகமாகச் சீனியவரைக்காய்ப் பொரியல், பக்கத்தில் அகத்திக்கீரை, ஒரு கரண்டி தட்டப்பயறு, தம்ளரில் மோர். வேறு ஒன்றுமில்லை. பெர்சி வீட்டுக்கு வருகிற எவருக்கும் அவள் இப்படி ஒரு சாப்பாட்டைப் போடமாட்டாள். அவரோ முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, தலை நிமிராமல் சாப்பிட்டார். அப்படி ரசித்து அவர் சாப்பிட்டுப் பெர்சி பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"வாங்கக்கா. கை கழுவுங்க, சாப்பிடலாம்," என்றாள் சுந்தரி.

"வீட்டுல காலையிலயே ராத்திரிக்கும் ஆக்கி வச்சிருக்கேன். அவருக்குஞ் சேத்துத்தான் ஆக்கினேன்."

ஜெபசீலனின் கை தட்டிலேயே நின்றது. பிரைட்டன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"எத்தன நாளா நடக்கு இது?" என்று பெர்சி சுந்தரியைக் கேட்டாள்.

"நான் கூப்பிடலக்கா. அத்தான்தான் ஒருநாள் நடந்து வந்தாங்க. பசிக்குன்னாங்க. இருந்ததை வச்சேன். அதுக்கப்புறம் வாராங்க. வாரவங்களை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"அத்தான் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

பெர்சி ஜெபக்கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. அப்படியே திரும்பி நடந்தாள்.

வீட்டில் அன்று பெரிய சண்டை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக ஆக்கிப் போட்டதையெல்லாம் அவள் எடுத்துச் சொன்னாள். "ஊரே என் கைச் சமையலைப் பாராட்டுது. நீங்க அவ வீட்டுல போய் மாட்டுத்தீனிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கீங்க."

"உன் சமையலைக் குறை சொல்லலளா. அங்கன சாப்பிட்டா ராத்திரி நெஞ்சு கரிக்கல. காலைல எந்திரிச்சா காலு எரியல. அவ்வளவுதான்."

"என்கிட்ட கேட்டா ஆக்கித் தரமாட்டேனா?"

"கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். நீ சிரிச்ச."

அது உண்மைதான். அவர் கேட்டதும் அவள் சிரித்ததும் அவளுக்கு நினைவு வந்தது. அதனால் கோபம் கூடத்தான் செய்தது. "இனி அங்கேயே போய்ச் சாப்பிடுங்க. நான் உங்களுக்கு ஆக்கப்போறதில்ல," என்று சொல்லிவிட்டாள்.

அப்படியே செய்யவும் செய்தாள். ஒரு வாரம் சாயங்காலம் அடுப்பு மூட்டவில்லை. வரும் வழியில் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கி வந்து, தனியாக மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஜெபசீலன் போல்பேட்டைக்குப் போகவும் இல்லை. அவரே இரண்டு தோசை ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்தார். பரோட்டாவைப் பிய்க்கும்போதெல்லாம் பெர்சிக்குச் சுந்தரியின் இடுப்பும் அவள் படியேறும் வேகமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. யாரைப் பழிவாங்க இதைத் தின்கிறோம் என்று ஒரு நாள் தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு மீதியையும் தின்றாள்.

அந்த வாரக் கடைசியில் பிரைட்டன் போன் செய்தான். சுந்தரியின் அண்ணன் அய்யாக்குட்டியைத் தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், காலில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது என்றான். மூத்த மருமகள் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. பெர்சி ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது அவள் மனசில் இருந்தது பரிவு மட்டும் இல்லை. சுந்தரி கண்ணீரும் கம்பலையுமாக, களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

அய்யாக்குட்டி கட்டிலில் படுத்திருந்தார். போர்வை வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. பெர்சி சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பருமனான பெண் ஒருத்தி உட்கார்ந்து, வந்தது யாரென்று முகத்தை முன்னால் நீட்டிப் பார்த்தாள். சுந்தரியின் அக்கா செல்லத்தாய். சர்க்கரையால் அவளுக்கு ஒரு கண் பாதிதான் தெரிந்தது.

"பெர்சியாக்கா வந்திருக்காங்க," என்றாள் சுந்தரி.

"வாம்மா, இங்கன உக்காரு," என்று செல்லத்தாய் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உனக்கும் சீனி இருக்காமே? மாத்திர போடுதியா? போடணும் தாயி. எங்கய்யாவுக்கு இதுலதான் காலு போச்சு, அப்புறம் உசுரும் போச்சு. இப்ப அண்ணன். எனக்குக் கண்ணு. எங்க வீட்டுல இவ ஒருத்திதான் தப்பிச்சிருக்கா."

பெர்சி சுந்தரியைப் பார்த்தாள். அவள் தன் அண்ணனின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நான் ஒளிச்சுப் பேசமாட்டேன்," என்றாள் செல்லத்தாய். "இவளப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரே வயித்துலதான பொறந்தோம்? எனக்குக் கண்ணு தெரியல, இவ ஊசியில நூல் கோக்கா. வயிறெரியுமா எரியாதா, நீயே சொல்லு."

பெர்சியின் காது சூடாகிவிட்டது. தான் மனசுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை யாரோ ஆஸ்பத்திரி வார்டில் சத்தமாக வாசித்துவிட்டது போல் இருந்தது. "எரியத்தான் செய்யும்," என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

சுந்தரி நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பெர்சி பின்னாலேயே போனாள்.

வராந்தாவில் சுந்தரி அழவில்லை. கோபமாக இருந்தாள். அவளைக் கோபமாகப் பெர்சி பார்த்ததே இல்லை.

"கொடுத்து வச்ச உடம்புன்னு சொல்லுவீங்கள்லா? பாத்துட்டீங்களா எனக்கு என்ன கொடுத்து வச்சிருக்குன்னு? அய்யா டீக்கடை போட்டாரு. கடை வந்தபெறகு வீட்டுல அடுப்பே எரியல. காலைல பூரி, சாயங்காலம் வடை, ராத்திரி பரோட்டா. வித்தது போக மிச்சம் எங்களுக்கு. சந்தோசமாத்தான் தின்னோம். அவருக்குக் காலை எடுக்கும்போது எனக்கு இருபத்திரெண்டு வயசு. புண்ணுக்குக் கட்டு மாத்தினது நான். அந்த வாடை இன்னைக்கும் மூக்குல இருக்கு."

"எனக்குத் தெரியாதுளா."

"நீங்க கேட்டதில்லையே. அந்த ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மாதான் சொன்னாங்க. 'கடை வைக்கதுக்கு முன்னாடி உங்க வீட்டுல என்ன ஆக்குவாங்களோ அதையே ஆக்கு, முழுசா அதையே ஆக்கு, பாதி அது பாதி இதுன்னு வேண்டாம்'னாங்க. பிடிச்சுக்கிட்டேன். எனக்கு என்ன, பிரியாணி பிடிக்காதா? கல்யாண வீட்டுல ஒரு கரண்டி வாங்கிட்டு எந்திரிக்க எனக்கு எவ்வளவு கஷ்டம்னு நினைக்கீங்க? நீங்க மாட்டுத்தீனின்னீங்க. எங்க அண்ணன் கஞ்சிக்காரின்னான். இத்தனை வருஷத்துல ஒரு சொந்தக்காரங்க என் வீட்டுல ஆசையா உக்காந்து சாப்பிட்டதில்ல. அத்தான்தான் முதல்ல வந்து இன்னும் கொஞ்சம் வைம்மான்னு கேட்டாங்க. எப்படிக்கா வராதீங்கன்னு சொல்லுவேன்?"

 பெர்சி பிளாஸ்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், கீழே கேண்டீனில் பால் வாங்கி வந்து கொடுத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மனசு இன்னும் மோசமாக இருந்தது. இத்தனை நாள் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருந்தது. அவளுக்கு அதிர்ஷ்டம், எனக்கு இல்லை என்று அதில் சாய்ந்துகொள்ளலாம். இப்போது அதுவும் போய்விட்டது. நல்ல உடம்பைக் கொடுத்து வைத்தது தனக்குத்தான். சைக்கிள் மிதித்த அப்பாவிடமிருந்து அதை வாங்கி வந்து, பிஸ்கட்டும் வடையும் பொரித்த மீனுமாக ஆக்கியதும் தான்தான். பொறாமைப்படக்கூடத் தனக்கு நியாயம் இல்லையே என்பதுதான் அவளுக்குப் பெரிய ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஜெபசீலன் செருப்பு மாட்டும்போது, "எங்க, போல்பேட்டைக்கா?" என்று கேட்டாள்.

"நடக்கத்தான்."

"போங்க. போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. என்னென்ன வச்சா, எவ்வளவு வச்சான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் உளவாளி வேலையை ஒழுங்காகச் செய்தார். சோறு ஒரு கைப்பிடிதான், அதுவும் ஒரு நாள் கம்பு, ஒரு நாள் குதிரைவாலி, ஞாயிற்றுக்கிழமை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சோற்றுக்கு இரண்டு பங்கு காய். தினமும் ஏதாவது ஒரு கீரை, ஏதாவது ஒரு பயறு. மீன் பெரும்பாலும் சாளை, நெத்திலி, காரல் மாதிரிச் சின்ன மீன், அதுவும் குழம்பில்தான். ஆட்டுக்கறி எப்போதாவது. சாயங்காலம் வடை கிடையாது, பசித்தால் சுண்டல். கருப்பட்டிக் காப்பி வாரத்தில் ஒரு நாள் மட்டும். ராத்திரிச் சாப்பாடு இருட்டுகிற நேரத்திலேயே முடிந்துவிடும்.

"கூழு?" என்று பெர்சி கேட்டாள்.

"காலைல கூழுன்னா கூழு மட்டுந்தானாம். தொட்டுக்க வெங்காயம், மோர் வத்தல்."

பெர்சி அதை அப்படியே சமைக்கவில்லை. அவளுக்கு ரோஷம் இருந்தது. சுந்தரியின் மீன் குழம்பு தண்ணியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மிளகும் சீரகமும் பூண்டும் அரைத்து, நல்லெண்ணெய் அளவாக விட்டுச் சாளைக் குழம்பு வைத்தாள். முருங்கைக்கீரையில் பாசிப்பருப்பு போட்டாள். குதிரைவாலியை ஒன்றோடொன்று ஒட்டாமல் வடித்தாள். ஜெபசீலன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவ குழம்பு மாதிரி இருக்கா?" என்றாள் பெர்சி.

"இது வேற. இது நல்லாருக்கு."

"அவ குழம்பவிடவா?"

"ஆமாளா," என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அடுத்த மூன்று மாதமும் சமைத்தாள்.

சுலபமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. முதல் மாதம் நாலு மணிக்கு அலுவலகத்தில் வடை வாசம் வந்தால் கை தானாக நீளும். இரண்டு தடவை தோற்றுப்போனாள். டப்பாவில் வேகவைத்த நிலக்கடலையோ மொச்சையோ கொண்டு போனால் கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். மாட்டுத்தீனி என்று அவர்கள் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அப்படித்தான் காதில் விழுந்தது. கிறிஸ்துமஸ் வந்தது. கேக் சுட்டாள், பிரியாணி போட்டாள், நாலைந்து நாள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். புது வருஷத்து ஆராதனை முடிந்து வந்து மறுபடியும் கீரையை ஆய உட்கார்ந்தபோது அழுகை வந்தது. விட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்தச் சமயத்தில் அவளைப் பிடித்து நிறுத்தியது ஆரோக்கியம் பற்றிய அறிவு ஒன்றுமில்லை. சுந்தரி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக விடாததைத் தான் சில மாதங்களிலேயே விட்டுவிட்டால் அவள் என்ன நினைப்பாள் என்பதுதான்.

மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. டாக்டரம்மா அதில் கண்டிப்பாக இருந்தார். "சாப்பாடு மாத்திரைக்குத் துணை. நான் சொல்லாம ஒண்ணையும் நிறுத்தக் கூடாது," என்றார். ஆனால் அடுத்த கோடை வந்தபோது பெர்சியின் சராசரி ஏழுக்கு இறங்கியிருந்தது. பிரஷர் மாத்திரையில் பாதியை டாக்டரே குறைத்தார். முழங்கால் வலி இருந்தது, ஆனால் மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்குவது நின்றிருந்தது. ஜெபசீலன் ஏழுக்குக் கீழே போயிருந்தார். அது அவளுக்கு இப்போதும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

கிளினிக் வாசலிலேயே நின்று சுந்தரிக்குப் போன் போட்டாள். வேறு யாரிடமும் முதலில் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"ஏளா, ஏழு வந்துட்டு."

"நெசமாவாக்கா? ரொம்ப சந்தோசம்." சுந்தரியின் குரலில் ஏதோ குறைந்திருந்தது.  அப்புறம், "நானும் முந்தாநாள் எடுத்தேன். போன வருசத்தவிடக் கூடியிருக்கு. சர்க்கரைன்னு சொல்ல முடியாது, ஆனா எல்லைக்கு வந்துட்டீங்க, கவனமா இருங்கன்னு சொல்லிட்டாங்க," என்றாள்.

பெர்சி காத்திருந்தாள். வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. உள்ளே எங்கோ ஒரு சின்னச் சந்தோஷம், விளக்குப் போட்ட மாதிரி. அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் தட்டையாகக் கிடந்த அந்தப் போர்வை கண்ணுக்கு முன்னால் வந்தது.

"பயமா இருக்கா?"

"இருக்குக்கா. இத்தனையும் பண்ணியும் வந்துருச்சேன்னு இருக்கு."

"என்ன பேச்சுப் பேசுத? உங்க அக்காவுக்கு எந்த வயசுல வந்துச்சு?"

"முப்பத்தஞ்சு."

"அண்ணனுக்கு?"

"அதுக்கும் முன்னாடி."

"உனக்கு அம்பது முடிஞ்சும் இன்னும் வரல. எல்லையிலதான நிக்குத? எல்லையில நிக்கவ தாண்டாமலும் நிக்கலாம். நீ உக்காந்தே வேல பாக்க. நானும் அப்படித்தான். சாயங்காலம் பீச் ரோட்டுக்கு வா. நடப்போம்."

சுந்தரி வந்தாள். ஜெபசீலனைக் கூப்பிடாமல் இருவர் மட்டும் நடந்தார்கள். துறைமுகத்தின் பக்கம் கிரேன்களில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. மீன் வலைகளைக் காயப் போட்டிருந்த வாடை காற்றில் வந்தது. சுந்தரி தலையைக் குனிந்துகொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி வேகமாக நடந்தாள். பெர்சிக்கு மூச்சு இரைத்தது, முழங்கால் குத்தியது. கொஞ்சம் மெதுவாகப் போளா என்று சொன்னால் அவள் உடனே நின்றுவிடுவாள். பெர்சி அதைச் சொல்லவில்லை. சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, அவளுக்கு ஒரு எட்டு பின்னால் நடந்தாள்.